ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளையிடம் போதை பற்றி இப்போதே பேச வேண்டுமா?

கேட்டவர் ஒரு அம்மா. மகளின் பள்ளியில் போதைத் தடுப்பு வகுப்பு நடத்தப் போகிறார்களாம். தெரியாததைச் சொல்லி ஆசையைக் கிளப்பியது போல ஆகிவிடாதா, அதுவும் பெண் பிள்ளைக்கு எதற்கு என்கிறார்.

நான் வடசென்னையில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. முதலில் ஒன்று, தெரியாதது என்று எதுவும் இல்லை. கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கி வைக்கும் புகையிலைப் பொட்டலம்) என்று சொன்னாலே வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், பெண்களும்தான். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், ஒயிட்னர், தின்னர் மாதிரி முகரும் போதை பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் 1.17 சதவீதம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே வகை இதுதான். வாங்க டாஸ்மாக் போக வேண்டியதில்லையே, ஸ்டேஷனரி கடை போதும்.

ஆனால் எந்த மாதிரி வகுப்பு என்று பள்ளியில் கேளுங்கள். போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று ஊர்வலம், உறுதிமொழி, கருகிய நுரையீரல் படம், அவ்வளவுதான் என்றால் பெரிதாகப் பயன் இல்லை. அமெரிக்காவில் போலீஸ்காரர்களே வகுப்பெடுத்த டேர் திட்டம் பல வருடம் ஓடியது. ஆய்வு செய்து பார்த்தால் பலன் மிகக் குறைவு, பாடத்தையே மாற்ற வேண்டி வந்தது. பயம் காட்டுவதைவிட, மறுத்துப் பேசிப் பழக்குவதுதான் உதவுகிறது. "சும்மா ஒரு தடவடி, ரொம்ப ஸீன் போடாத" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி பதில் சொல்ல வேண்டும், வகுப்பில் எல்லார் முன்னாலும். என் பிள்ளைகள் அதிகம் சொல்லும் பதில், "எங்கம்மா வாசனையிலேயே கண்டுபிடிச்சிரும்டி." நல்ல பதில். உங்கள் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அம்மாவை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஷிங்கி குழு, இந்த வயதுப் பெண்களையும் அவர்கள் அம்மாக்களையும் வீட்டுக் கணினி முன் சேர்ந்து உட்கார வைத்து ஒரு பயிற்சி கொடுத்தது. மன அழுத்தம், உடம்பைப் பற்றிய கவலை, வீட்டு விதிகள் என்று பேச வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அம்மாவோடு பேச்சு கூடியிருந்தது, குடிப்பழக்கம் மற்ற பெண்களைவிடக் குறைவாக இருந்தது. கணினி இல்லாவிட்டால் என்ன, வெங்காயம் உரிக்கும் நேரத்தில் பேசலாம். விசாரணை மாதிரி மட்டும் வேண்டாம்.

அப்பாக்களுக்கும் ஒன்று. "அம்மாடி, பெட்டிக் கடையில ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று மகளை அனுப்புவதை நிறுத்துங்கள். 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் சிகரெட், புகையிலை விற்பது 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியே குற்றம். பாட்டி வெற்றிலைப் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, புகையிலையைக் கிள்ளித் தரச் சொல்வதும் இதே கணக்குதான். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கும் கடை இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். வாயைத் திறப்பவர்கள்தான் குறைவு.

பெண் பிள்ளை விஷயத்தில் எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. பையன் பையில் பொட்டலம் கிடைத்தால் நாலு அடி விழும், முடிந்தது. பெண் என்றால் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைக்கிறார்கள். அது தெரிந்துதான் தோழிகள் வாயே திறப்பதில்லை, எங்களுக்கும் தாமதமாகத்தான் தெரிகிறது. ஆகவே உங்கள் மகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எது நடந்தாலும் பள்ளிக்கூடத்தை நிறுத்த மாட்டேன். அப்படி ஏதாவது தெரிய வந்தால் சொந்தக்காரர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காமல், 14446-க்குக் கூப்பிடுங்கள். போதை மீட்புக்கான இலவச எண். யாரோ பெரியவர்கள் கொடுத்துப் பழக்கியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழு வருடம் வரை சிறை உண்டு.