டிஃபெண்டரின் டிரான்ஸ்ஃபர் பொக்ஸை வீட்டிலேயே பிரித்துச் செய்யலாமா?

கேள்வி: என்னிடம் 300 டிடிஐ எஞ்சின் லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் லீவரை லோவில் போட்டுப் பாரம் இழுத்தால் லீவர் தானாக நியூட்ரலுக்குத் தெறிக்கிறது. அக்சிலேட்டரில் காலை எடுத்துத் திரும்ப மிதிக்கும்போது கீழே 'டக்' என்று அடிக்கிறது. கை பிரேக் டிரம் முழுக்க எண்ணெய். கராச்சில் பொக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டுக் கொட்டிலில் நானே பிரித்துச் செய்யலாமா அண்ணை? (ஒட்டுசுட்டான் வாசகர்)

செய்யலாம், தம்பி. கியர் பொக்ஸிலிருந்து வரும் சுற்றை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், ஹை, லோ மாற்றுவதும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ்தான். உங்கள் வண்டியில் இருப்பது எல்டி230 என்ற வகை. உள்ளே செயின் கிடையாது, எல்லாம் பற்சில்லு. கம்ப்யூட்டரும் இல்லை. ஸ்பனர் பிடித்துப் பழகிய கைக்கு இது பிரிக்கக் கூடிய பொக்ஸ்தான். ஆனால் பிரித்துப் பூட்டுவது உடம்பு வேலை. பொக்ஸ் பிழைக்குமா இல்லையா என்பதை முடிவு செய்வது அளவெடுக்கும் வேலை. டயல் கேஜ், டோர்க் ரெஞ்ச், நல்ல விற்றராசு ஆகிய மூன்றையும் வாங்கவோ இரவல் எடுக்கவோ வழியில்லை என்றால் பொக்ஸைத் திறக்க வேண்டாம்.

நீங்கள் சொல்வது மூன்று குறை. மூன்றுக்கும் காரணம் ஒன்று என்று நினைக்காதீர்கள். இறக்குவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

லோ தெறிப்பதற்கு முதலில் லீவர் இணைப்பைப் பாருங்கள். நமது செம்மண் புழுதியும் மாரிச் சேறும் அந்த மூட்டுகளில் இறுகினால் லீவர் முழுத் தூரம் போகாது, பற்கள் பாதிதான் கடிக்கும். இணைப்பைக் கழற்றிவிட்டு பொக்ஸில் உள்ள கையையே நேரே தள்ளிப் பாருங்கள். லோ முழுதாக விழுந்து இறுகி நின்றால், குறை வெளியே இருக்கிறது. துப்புரவாக்கிச் சரிசெய்தால் போதும்.

எண்ணெய் பின் அவுட்புட் சீலால்தான் வருகிறது. கை பிரேக் டிரம் அதற்கு நேர் பின்னால் இருப்பதால் லைனிங் நனைகிறது, பிரேக் பிடிக்காது. இதற்குப் பொக்ஸை இறக்கவே தேவையில்லை. ஆனால் சீல் மாற்றும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மேலே உள்ள மூச்சுக்குழாய். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான பொக்ஸோடு வாய்க்காலில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வடித்த எண்ணெய் பால் நிறமாக இருந்தால் நடந்தது இதுதான். மற்றது, எண்ணெய் மட்டம். கியர் பொக்ஸில் குறைந்து டிரான்ஸ்ஃபர் பொக்ஸில் கூடியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டது. அதை மாற்ற இறக்கத்தான் வேண்டும்.

இனி அந்த 'டக்'. புரொப்பலர் ஷாஃப்டின் குரொஸ், பின் டிஃபரன்ஷியல், சில்லுப் பக்கத்து டிரைவ் ஃபிளாஞ்ச் என்று எல்லா இடத்துத் தளர்வும் ஒன்றாகக் கூடி ஒரே சத்தமாகக் கேட்கும். டிரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குள் என்றால் மைய டிஃபரன்ஷியலின் குறுக்குத் தண்டும் வாஷரும் தேய்ந்திருக்கலாம். அந்த டிஃபரன்ஷியலைப் பூட்டி முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் டிஃப் லொக்கைப் போட்டபடியே தார் ரோட்டில் ஓடுகிறவர்கள் வன்னியில் நிறையப் பேர். சேற்றை விட்டு ஏறியதும் லொக்கை எடுக்காவிட்டால், திரும்பும்போது முன்னும் பின்னும் சுற்றும் வித்தியாசத்துக்கு வழியில்லாமல் பற்களும் ஷாஃப்டுகளும் முறுகும். இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

சத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. செலவைத் தீர்மானிப்பது அதுதான். கியர் பொக்ஸின் மெயின் ஷாஃப்ட், தன் பின் முனையிலுள்ள வரிப்பற்களால் டிரான்ஸ்ஃபர் பொக்ஸின் இன்புட் பற்சில்லைச் சுற்றுகிறது. பழைய வகைப் பற்சில்லில் அந்த இடத்துக்கு எண்ணெய் ஒழுங்காகப் போகாது. பற்கள் காய்ந்து, துருப்போலச் சிவந்து, கத்தி முனையாக மெலியும். பிந்திய வகையில் எண்ணெய் போகக் குறுக்குத் துளை இருக்கும். பொக்ஸின் பின்புற மூடியையும் அதன் உள்ளே உள்ள பேரிங் தாங்கியையும் கழற்றினால், வண்டியில் வைத்தபடியே அந்தப் பற்சில்லை இழுத்தெடுத்துப் பார்க்கலாம். மெயின் ஷாஃப்டின் பற்கள் மெலிந்திருந்தால் கியர் பொக்ஸையும் பிரிக்க வேண்டி வரும். அது தெரியாமல் டிரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குப் புதுப் பேரிங் போட்டவர்கள், காசைக் கொட்டியும் அதே சத்தத்தோடு ஓடுகிறார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்றால், உயிர் முக்கியம். இந்த வண்டியின் கை பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின் புரொப்பலர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு சில்லை ஜக்கில் தூக்கினாலே வண்டி உருளலாம். ஷாஃப்டைக் கழற்றினால் பிரேக் பிடிக்க ஒன்றுமே இல்லை. நான்கு சில்லுக்கும் இருபுறமும் பாலை மரக் குற்றி வையுங்கள். சீமெந்துத் தரை வேண்டும், மாரி மண்ணில் ஜக் புதையும். கியர் பொக்ஸின் வால் பக்கத்துக்குத் தனி முட்டுக் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் பொக்ஸைத் தனியாளாக நெஞ்சில் வாங்க நினைக்காதீர்கள். அடிமூடியைக் கழற்றி, அதே துளைகளில் ஓர் இரும்புத் தட்டைப் பூட்டி, தட்டை ஜக்கோடு இறுக்கினால் பொக்ஸ் சாயாது. திரும்ப ஏற்றும்போது தலை அறுத்த நீள போல்ட் மூன்றை வழிகாட்டியாகப் போட்டால் நேரே போய் உட்காரும், நடுச் சீலும் கிழியாது.

பிரிக்கும் முன் வெளியே ஒட்டிய மண் முழுதும் போகக் கழுவுங்கள். ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடு) எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தது என்று எழுதி, படமும் எடுங்கள். ஹை, லோ மாற்றும் வளையத்தின் பல் முனை உருண்டிருந்தால் லோ தெறிக்கும். தள்ளும் கவையின் தேய்வையும் அப்படியே பாருங்கள். அதைப் பிடித்து நிற்கும் குண்டும் ஸ்பிரிங்கும் மலிவு, யோசிக்காமல் மாற்றுங்கள்.

நடு ஷாஃப்டில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அதன் பேரிங்குகள் கூம்பு வகை. அவற்றின் இறுக்கம் தளர்ந்தால் பற்சில்லுத் தொகுதி முன்பின் ஆடும். லோ தெறிப்பதும் சத்தமும் அங்கிருந்தே வரலாம். அந்த ஷாஃப்ட் உட்காரும் அலுமினியத் துளையும் பாருங்கள். ஷாஃப்ட் உராய்ந்து துளை பெருத்திருந்தால் புது ஓ-ரிங் போட்டாலும் எண்ணெய் நிற்காது. நல்ல லேத் பட்டறையில் கொடுத்து உறை போட வேண்டும்.

பூட்டும்போது அந்தப் பேரிங்குகளுக்கு நடுவில் ஸ்பேசர் என்ற இடைக்குழல் வரும். சில வகைகளில் அளவு பார்த்துத் தெரிந்தெடுக்கும் ஸ்பேசர், சிலவற்றில் நசுங்கும் ஸ்பேசர். நசுங்குவது ஒருமுறை மட்டுமே. நட்டைக் கூட இறுக்கிவிட்டால் திருப்பித் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது, புது ஸ்பேசர் போட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். பொக்ஸை நியூட்ரலில் வைத்து, பற்சில்லில் நூலைச் சுற்றி விற்றராசால் இழுத்து, அது சுழலத் தேவையான இழுவையைப் பாருங்கள். இருக்க வேண்டிய அளவை உங்கள் பொக்ஸ் இலக்கத்துக்குரிய வேர்க்‌ஷொப் மனுவலில் எடுங்கள், யாரும் வாயால் சொல்வதில் அல்ல. மைய டிஃபரன்ஷியலுக்கும் இன்புட் பற்சில்லுக்கும் ஷிம் வைத்துச் சரிபார்ப்பதும் இதே பொறுமையோடுதான்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பொக்ஸே எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எடுக்கலாம், ஆனால் ஹை விகிதத்தைப் பாருங்கள். உங்கள் டிஃபெண்டருக்கு 1.4 அளவு, டிஸ்கவரி பொக்ஸில் 1.2 அளவு. வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். டிஸ்கவரியினதைப் போட்டால் ஏ9 வீதியில் சுகமாக ஓடும், நெல் மூட்டையோடு வயல் பாதையில் ஹையில் திணறும்.

ஏற்றி முடித்ததும் மட்டத் துளையால் வழியும்வரை எண்ணெய் விடுங்கள், ஏறத்தாழ 2.3 லீற்றர் பிடிக்கும். பாரமில்லாமல் மாங்குளம் வரை போய் வந்து பொக்ஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் கூடிவிட்டது, மேலே ஓட்ட வேண்டாம். சரியாக இருந்தால் சில நூறு கிலோமீற்றரில் அந்த எண்ணெயை வடித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது வழமை. மினுங்கும் செதில் கண்டால் திரும்ப அடிமூடியைத் திறக்க வேண்டும்.