சிம்லிங்க் சுழல்: கட்டளைகள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

கேள்வி: 'அ' என்னும் சிம்லிங்க் (வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் இணைப்பு) 'ஆ'வைச் சுட்டுகிறது, 'ஆ' திரும்பவும் 'அ'வையே சுட்டுகிறது. கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையோ சிம்லிங்க் அடுக்குகள் மிக அதிகம் என்கிறது. இருப்பவை இரண்டுதானே?

பதில்: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் சுழலைத் தேடுவதே இல்லை, எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. ஒரு பாதையைப் பின்பற்றிச் செல்லும்போது கடந்த சிம்லிங்குகளை எண்ணிக்கொண்டே வந்து, 40-ஐத் தாண்டியதும் ஈலூப் என்னும் பிழையைத் திருப்பி அனுப்புகிறது. அதைத்தான் கேட் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறது. ஆகவே சுழலே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக 41 சிம்லிங்குகளைக் கோத்து வைத்தாலும் இதே செய்திதான் வரும். அந்தப் பிழையின் எண் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் 40 என்றும் மேக்ஓஎஸ்ஸில் 62 என்றும் இருப்பதால், நிரலில் எண்ணை நம்பாமல் பெயரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அதே 'அ'வை நீள்பட்டியலில் குறையின்றிக் காட்டுகிறதே?

பதில்: அது இணைப்பைப் பின்தொடராமல் இணைப்பை மட்டுமே பார்க்கிறது. கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளையும் அப்படியே, தயங்காமல் நீக்கலாம்.

கேள்வி: ஒரு கோப்புறைக்குள் அதன் தாய்க் கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்க் உள்ளது. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை முடிவில்லாமல் ஓடுமா?

பதில்: ஓடாது. இயல்பாக ஃபைண்ட் சிம்லிங்குகளுக்குள் நுழைவதில்லை. பெரிய எழுத்து எல் விருப்பத்தைக் கொடுத்தால் நுழையும். ஆனால் ஒவ்வொரு கோப்புறையின் சாதன எண்ணையும் ஐநோட் எண்ணையும் (கோப்பு முறைமை அதற்குத் தந்த அடையாள எண்), தான் இறங்கி வந்த வழியில் உள்ள கோப்புறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் கோப்பு முறைமையில் சுழல் உள்ளது என்று அறிவித்து, அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடர்கிறது. உண்மையில் சுழலைக் கண்டறிவது இங்கேதான். முடிவில் வெளியேறும் நிலை (பூச்சியம் என்றால் வெற்றி) பூச்சியமாக இராது என்பதால், பிழை கண்டவுடன் நிற்கும்படி எழுதிய ஸ்கிரிப்டுகள் இந்த இடத்தில் நின்றுவிடும். கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கிரெப்பிலும் சிறிய ஆர் விருப்பம் உள்ளே கிடைக்கும் இணைப்புகளைத் தொடராது. பெரிய ஆர் தொடர்ந்து சென்று, சுழலைக் கண்டால் எச்சரிக்கும்.

கேள்வி: என் ஸ்கிரிப்ட் 'அ' இல்லை என்கிறது, புதிய கோப்புறையை உருவாக்கும் எம்கேடிஐஆர் கட்டளை அதே பெயர் ஏற்கெனவே உள்ளது என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஸ்கிரிப்டுகளில் ஒரு கோப்பு உள்ளதா என்று சோதிக்கும் டெஸ்ட் கட்டளையின் சிறிய ஈ விருப்பம் இணைப்பின் இறுதி இலக்கைத் தேடுகிறது. ஈலூப் வந்ததும், காரணத்தைச் சொல்லாமலே 'இல்லை' என்று விடையளித்துவிடுகிறது. எம்கேடிஐஆர் பெயரை மட்டும் பார்க்கிறது. எனவே அந்தப் பெயர் ஒரு சிம்லிங்கா என்று பார்க்கும் பெரிய எல் சோதனையையும் சேர்த்து எழுதுங்கள். இணைப்பின் இறுதிப் பாதையைக் காட்டும் ரீட்லிங்க் கட்டளையும் எஃப் விருப்பத்தோடு தோற்கும்போது மௌனமாகவே தோற்கும்; வி விருப்பத்தைச் சேர்த்தால்தான் பிழைச்செய்தி கிடைக்கும். அதே வேலையைச் செய்யும் ரியல்பாத் கட்டளை பிழையைக் கேட்காமலே சொல்லிவிடுவதால், ஸ்கிரிப்டுகளில் நான் அதையே விரும்புகிறேன்.