யாருடைய கையொப்பம்?

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபது வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாகப் பட்டர்வொர்த்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சில்லு மாற்றும் அளவுக்குத் தொழில் பழகிவிட்டேன். அம்மாவோ பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் எடுத்தாவது பட்டம் படி என்கிறார். பெரிய நிறுவனங்களே இப்போது பட்டம் கேட்பதில்லையாம். திறமை இருந்தால் போதும்தானே? பட்டம் வெறும் காகிதம். அம்மாவுக்கு இந்தக் காலம் புரியவில்லை. உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் ஏன் இதையெல்லாம் எழுதுவதில்லை?

க., பிறை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தபோது அப்பாவின் பழைய கோப்பு ஒன்று என் மேசைமேல் கிடந்தது. ஒரு வாரமாக அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை. அதனால்தான் உனக்கு உடனே எழுதுகிறேன்.

எழுத்தாளர்கள் எதை எழுதுகிறார்கள் என்ற பேச்சை விடு. கடன் கணக்கு உன் வீட்டில் உட்கார்ந்து போட வேண்டியது. ஆனால் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாயே ஒரு வரி, அதை விடமாட்டேன். உன் அம்மா எத்தனை அலுவலகங்களில் என்ன சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார் என்று ஒருநாளாவது கேட்டாயா? கேட்டிருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டாய்.

நீ படித்த செய்தி பொய்யல்ல. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் 2022-இல் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்குப் பட்டம் கட்டாயமில்லை என்று அறிவித்தது. ஐ.பி.எம். அதற்கும் முன்பே அந்த வழிக்கு வந்துவிட்டது. ஆனால் ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் 2024-இல் அந்நாட்டுக் கணக்கைப் பார்த்தபோது, இந்த மாற்றத்தால் பயனடைந்தது எழுநூறு நியமனங்களில் ஒன்றுகூட இல்லை. விளம்பரத்தில் ஒரு வரியை அடித்துவிடலாம். நேர்காணல் எடுப்பவரின் கண் அந்த வரியைத்தான் இன்னும் தேடுகிறது.

பட்டத்துக்குப் பதில் தேர்வு வைத்தால் நியாயம் கிடைத்துவிடுமா? அதுவும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் டியூக் பவர் என்ற மின்நிறுவனம் தன் நிலையம் ஒன்றில் கறுப்பினத்தவரைக் கூலிப் பிரிவிலேயே வைத்திருந்தது. மற்றப் பிரிவுகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டது. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடப்புக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் இரண்டு தேர்வுகளையும் சேர்த்துக்கொண்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலைகளைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். வேலைக்குத் தொடர்பில்லாத தகுதியைக் காட்டிக் கறுப்பினத்தவரை ஒதுக்கக் கூடாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் திறமை என்று யாராவது சொன்னால், அதை அளப்பவர் யார் என்று நான் முதலில் கேட்கிறேன்.

என் அப்பா தென் கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1978-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை தினமும் பெர்ரிப் பயணம்தான். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் இயந்திரங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சத்தத்தை வைத்தே எந்த இயந்திரம் கம்பியை அறுக்கப்போகிறது என்று சொல்லிவிடுவார். புதிதாக வரும் பொறியாளர்கள் ஆறு மாதம் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வார்கள். ஏழாவது மாதம் அவருக்கு மேலதிகாரி ஆவார்கள். மேற்பார்வையாளர் பதவிக்கு மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் டிப்ளோமா இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

1998-இல் ஆட்குறைப்பு நடந்தது. இருபது ஆண்டு உழைப்புக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதில் அவரைப் பற்றி இருந்தது ஒரே சொல்: ஆப்பரேட்டர்.

பின்னாளில், வகுப்புக்குப் போகாமலே வேலை அனுபவத்தைக் கொண்டு மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் பி.பி.டி. முறை இருப்பதாக அறிந்து அப்பாவை உட்கார வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று இரவுகளில் நாற்பது பக்கம். ஆனால் அந்தக் கோப்புக்கு ஆதாரம் வேண்டும். தொழிற்சாலையின் பழுதுப் பதிவேட்டில் 'சரிசெய்தவர்' என்ற கட்டத்தில் பொறியாளர்தான் கையொப்பமிடுவார். ஆப்பரேட்டருக்கு அந்த உரிமை இல்லை. இருபது ஆண்டுகளில் அவர் கைபட்டுச் சரியான இயந்திரங்கள் எல்லாம் வேறு பெயர்களில் பதிவாகியிருந்தன. நான்காம் இரவு அப்பா கோப்பை மூடிவிட்டார். "போதும்பா" என்றார். அதை மறுபடி திறக்கவில்லை.

வெறும் காகிதம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காகிதம் இல்லாமல் என் அப்பா எங்கள் வீட்டு மேசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லை என்னிடம் மறுபடி சொல்லாதே.

இன்றே ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் வாங்கு. தேதி, கைப்பேசியின் மாடல், என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தாய், எதை மாற்றினாய், இத்தனையும் எழுது. பிரிப்பதற்கு முன் ஒரு படம், முடித்தபின் ஒரு படம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடை முதலாளியிடம் கையொப்பம் கேள். அவர் தயங்கினால், வேறு கடை தேடும் காலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். திறன் சான்றிதழ் மூன்றாம் நிலைக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வை.

கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். நோட்டுப் புத்தகத்தில் ஐம்பது பக்கம் நிரம்பியதும் அதை அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அதன் பிறகு இருவரும் பேசுங்கள்.