சிறார் வழக்கு வரைபடம்: எஃப்ஐஆர் கணக்கும் வாரியக் கணக்கும் ஒத்துவராதது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறார்மேல் உள்ள வழக்குகளை எஃப்ஐஆர் (காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை) கொண்டு ஊர்வாரியாக எண்ணி, வழக்கு கூடக் கூடக் கருமையாகும்படி வரைந்த வரைபடம் இளைஞர் நீதி வாரியக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. நாகர்கோவில் கருமையாகவும் விளவங்கோடு வெளிறியும் தெரிவதற்கு, எஃப்ஐஆரை மட்டும் எண்ணியதே காரணமாக இருக்கலாம். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின் 8ஆம் விதிப்படி, குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றத்துக்கும், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கும்தான் சிறார்மேல் எஃப்ஐஆர். சைக்கிள் திருட்டு, அடிதடியெல்லாம் காவல் நிலையப் பொது நாட்குறிப்பிலும், பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையிலும் பதிவாகி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதி வாரியத்துக்குப் போய்விடும். பெயர் நீக்கிய எண்ணிக்கையை வாரியத்திடமே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, சம்பவ இடத்துக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் அட்டவணையில் தனித்தனிப் பத்தி போட்டு இரண்டு வரைபடம் வரையுங்கள். பேருந்து நிலையம், கன்னியாகுமரிக் கடற்கரை போன்ற கூட்டமான இடங்கள் முதல் படத்தில் மட்டும் கறுத்தால், அங்கே வந்துபோகிறவர்களின் கணக்கு அது. அவ்வூர்ப் பிள்ளைகள்மேல் பழி போடாதீர்கள். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கம் கேரள முகவரிகளையும் பிரித்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு வழக்கே உள்ள ஊரைப் பெயரோடு காட்டவே கூடாது, தாலுகா அளவில் சேர்த்துவிடுங்கள். சின்ன ஊரில் பிள்ளை யாரென்று உடனே தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.