பதில்: மண் உருவாதல் கட்டுரை, முதல் பத்தியிலேயே வாசகர் விலகுகிறார்

ஐயா, உங்கள் வரைவு ஐந்து காரணிகளோடு தொடங்குகிறது: தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் மேடுபள்ள அமைப்பு, காலம். 1941இல் மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் யென்னி வகுத்த அந்தச் சட்டகம் சரியானதே. ஆனால் பொது வாசகருக்கு அது கேள்வி பிறக்கும் முன்பே வந்த விடை. முதலில் ஒரு புதிரைக் கொடுங்கள்.

தென்னிந்தியாவில் மேட்டில் செம்மண்ணும் தாழ்வில் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கும் இடங்கள் பல. அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் என்னும் ஒரே கடினப் பாறை. பிறகு ஏன் இரு நிறம்? மேட்டில் மழைநீர் கால்சியத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. எஞ்சும் இரும்பு காற்றுப்பட்டுச் சிவக்கிறது. தாழ்விலோ நீர் தேங்கி, வந்த கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து, ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண் உருவாகிறது. ஒரே சரிவில் பல காரணிகளைக் காட்டிவிடலாம்.

'ஓர் அங்குல மண்ணுக்கு 1000 ஆண்டு' என்ற வரியைத் தயவுசெய்து நீக்குங்கள். கடினப் பாறையில் அதைவிடவும் கூடுதலாகலாம். ஆனால் 1883இல் வெடித்த இந்தோனேசிய எரிமலை கிரக்கத்தோவாவின் சாம்பலில் சில பத்தாண்டுகளிலேயே மண் உருவாகிக் காடு தழைத்தது. கரிசலின் கருமைக்கு மட்கு மிகுதியே காரணம் என்பதும் பிழை. அதில் மட்கு குறைவுதான்.

மண்புழுப் பத்தி அருமை, அதைத் தொடாதீர்கள்.