60 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்டு (கப்பி வைத்த) வில்லுக்கு 400 ஸ்பைன் (விறைப்பைக் காட்டும் எண்) அம்புத் தண்டா, 340-ஆ?

உங்கள் அம்பு 29 அங்குலம், முனை 125 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) என்கிறீர்கள். அப்படியானால் நான் 340 பக்கம்தான் சாய்வேன்.

ஸ்பைன் எண் குறையக் குறைய தண்டு விறைப்பு கூடும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். அது 0.400 அங்குலம் வளைந்தால் ஸ்பைன் 400. ஆனால் இது அசையாமல் கிடக்கும் தண்டின் அளவு. எய்யும்போது கதை வேறு: தண்டு நீளமாக இருந்தாலோ முனை கனமாக இருந்தாலோ அதே தண்டு இன்னும் துவளும். 100 கிரெய்ன் முனையோடு 400 ஒருவேளை சமாளிக்கும், 125 என்றால் சந்தேகம்தான். அகல அலகுள்ள வேட்டை முனை மாட்டினால் தண்டின் தவறு இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அலகே காற்றைப் பிடித்துத் திருப்பும். தண்டு தயாரிப்பாளரின் அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். கேம் (வில்லின் நுனிகளில் உள்ள சக்கரம்) வேகத்தைப் பொறுத்து ஒரு படி மாறலாம்.

அடுத்தது அம்பின் மொத்த எடை. வேட்டைக்கு வேகத்தை மட்டும் துரத்தாதீர்கள். இழுவிசையில் பவுண்டுக்கு 6 முதல் 8 கிரெய்ன், அதாவது உங்களுக்கு மொத்தம் 360 முதல் 480 வரை. நான் 420-க்குக் கீழே இறங்க மாட்டேன். கனமான அம்பு ஆழமாக இறங்கும், வில்லின் சத்தமும் குறையும். பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் கீழே போனால் வில்லுக்கே ஆபத்து.

கார்பனா அலுமினியமா? கார்பன். அலுமினியம் வளைந்தால் அப்படியே நின்றுவிடும். அதற்காக கார்பனை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எய்வதற்கு முன் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் சிறிதாகக் கேட்டாலும் அந்தத் தண்டை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது சிதறி கையில் ஏறும்.