எந்தப் பெண்ணை மனதில் வைத்து எழுதிய விதி இது?

கேள்வி: பெண்களுக்குள்ளேயே இருக்கும் இன, வர்க்க, பண்பாட்டு வேறுபாடுகளை நவீனப் பெண்ணியம் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா?

கோட்பாட்டில் எடுத்துக்கொண்டு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. சட்டத்திலும் திட்டத்திலும் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதி எங்கே நின்றுபோனது என்று தெரிய, மாநாட்டுத் தீர்மானங்களைப் படிப்பதைவிட ஒரு விதியை எடுத்து அதன் நிபந்தனைகளை வரி வரியாகப் படிப்பது பலன் தரும். யாருக்குப் பொருந்தும், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், யார் விசாரிப்பார், பணம் யார் கையிலிருந்து வரும்? இவற்றைப் பார்த்தாலே எழுதியவர்கள் எந்தப் பெண்ணை மனதில் வைத்து எழுதினார்கள் என்று புரிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது ஓர் அமெரிக்க வழக்கு. செயின்ட் லூயிஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைமீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் வந்த மந்தநிலையில் வேலை இழந்தார்கள். ஆட்குறைப்பு பணிமூப்புப்படி நடந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே. பார்வைக்கு நடுநிலையான விதிதான். ஆனால் நேற்றுவரை கதவே திறக்காதவர்களுக்குப் பணிமூப்பு எங்கிருந்து வரும்?

1976இல் மாவட்ட நீதிமன்றம் சொன்னது இது: நிறுவனம் பல ஆண்டுகளாகப் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை. அப்படி எடுக்கப்பட்டவர்கள் வெள்ளைப் பெண்கள். இனப் பாகுபாடு என்றால் அதே நிறுவனத்தின்மீது ஏற்கெனவே நடக்கும் இன வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் இணைத்துத் தனியாக ஒரு பரிகாரம் கேட்க முடியாது. 1989இல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா இந்தத் தீர்ப்பைப் பிரித்துக் காட்டித்தான் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற கருத்தை, அதாவது ஒரே ஆள்மீது பல பாகுபாடுகள் பின்னிப் படும்போது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை, முன்வைத்தார். பாஸ்டனைச் சேர்ந்த காம்பாஹீ ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு இதே வாதத்தை 1977லேயே அறிக்கையாக எழுதியிருந்தது. நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கவும் இல்லை: 1980இல் இன்னொரு வழக்கில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பினப் பெண் என்ற நிலையிலேயே பாகுபாட்டை நிரூபிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது.

பிழை கணக்கில்தான் இருந்தது. ஆண், பெண் என்று ஓர் அட்டவணை. கறுப்பர், வெள்ளையர் என்று இன்னோர் அட்டவணை. இரண்டும் தனித்தனியாக ஒழுங்காகத் தெரியும். இரண்டையும் குறுக்காக வைத்து நான்கு கட்டம் போட்டால்தான் காலியாக இருக்கும் கட்டம் கண்ணில் படும். மருத்துவத்தில் இதே கணக்கு உயிர் சம்பந்தப்பட்டது. 2021இல் அமெரிக்காவில் 1 லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 32.9 தாய்மார்கள் இறந்தார்கள். இனவாரியாகப் பிரித்தால் வெள்ளைப் பெண்களில் 26.6, கறுப்பினப் பெண்களில் 69.9. மொத்தச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவத்தை மேம்படுத்து என்று கேட்கும் இயக்கம், எந்த வார்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தவறுகிறது.

இந்தியாவில் இதற்கு நேர் இணையான வழக்கு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்தில் 2011இல் பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி அவருடைய சகோதரர்களுக்குத் தெரிந்தவர். கிரென்ஷாவின் கருத்தை விரிவாக எடுத்துப் பேசிய நீதிமன்றம், பாலினம், சாதி, உடற்குறைபாடு மூன்றும் ஒரே உடலில் சேர்ந்து இயங்குவதைத் தெளிவாக ஒப்புக்கொண்டது. ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(5) பிரிவின் கீழ் கொடுத்த தண்டனையை நீக்கிவிட்டது. குற்றம் நடந்தபோது இருந்த வாசகப்படி, அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்துக்காக அது நடந்தது என்று அரசுத் தரப்பு சாட்சியத்தோடு காட்ட வேண்டும். தனியாக அப்படி எந்தச் சாட்சியமும் முன்வைக்கப்படவில்லை. 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கும் திருத்தப்படி, பாதிக்கப்பட்டவரின் சாதியைக் குற்றவாளி அறிந்திருந்தாலே போதும். புரிதல் தீர்ப்பின் முன்பகுதியில் முழுமையாக இருக்கிறது. பரிகாரம் வரும் பகுதியில் பழைய சட்ட வாசகம் தடுத்துவிட்டது. அதனால்தான் நிபந்தனைகளைப் படியுங்கள் என்கிறேன். குற்றவாளிக்கு அந்தப் பெண்ணின் குடும்பத்தை, அதன்வழி அவருடைய சாதியை, முன்பே தெரியும் என்பதைப் புலனாய்வு அதிகாரி ஆரம்பத்திலேயே வாக்குமூலமாகப் பதிவு செய்யாவிட்டால், இன்றைய திருத்தப்பட்ட பிரிவும் விசாரணையில் வலுவிழக்கும்.

வேலையிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இந்தச் சட்டம் பிறந்ததே ஒரு கிராமத்துப் பெண்ணின் வழக்கில். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை செய்த, குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் தொடர்ந்த பொதுநல வழக்கில் 1997இல் வேலையிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விசாகா நெறிமுறைகள் வந்தன, 2013இல் சட்டம் வந்தது. பலன் பெரும்பாலும் அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் பெண்களுக்குப் போனது.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு. அதற்குக் கீழே இருந்தால், வீட்டு வேலை செய்பவராக இருந்தால், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு. ஒன்றியம், தாலுகா, நகராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பு அலுவலர் புகாரை வாங்கி 7 நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விதிப்படி புகாரின் ஆறு பிரதிகளும் ஆவணங்களும் சாட்சிகளின் பெயர், முகவரியும் தர வேண்டும். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண் இதை எப்படி நிறைவேற்றுவார் என்று யோசித்துப் பாருங்கள். சாட்சி என்று இருந்தால் அது அந்த வீட்டு ஆட்கள்தான். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுக்கக் குழு உதவ வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. இதை உரிமையாகக் கேட்டு வாங்கலாம். கேட்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்த இடறல் இடைக்கால நிவாரணத்தில். அலுவலகப் பெண் எழுதிக் கேட்டால் இடமாற்றம் அல்லது 3 மாதம் வரை விடுப்பு பெறலாம். வீட்டு வேலையில் யாரை எங்கே மாற்றுவது? விடுப்பு என்றால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவார். விசாரணைக்கும் வழி வேறாக இருக்கிறது: மற்றவர்களுக்குக் குழுவே விசாரித்து 90 நாளில் முடித்து இழப்பீடும் பரிந்துரைக்கலாம். வீட்டு வேலை செய்பவர் விஷயத்தில் முகாந்திரம் இருந்தால் 7 நாளில் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. அங்கே நகை காணவில்லை என்ற எதிர்ப்புகார் காத்திருக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே உதவிக்கு வரும் சங்கமோ வழக்கறிஞரோ முதல் நாளிலேயே அவருடைய சம்பள பாக்கி, வேலைக்குச் சேர்ந்த தேதி, கடைசியாகப் போன நாள் ஆகியவற்றை எழுதி வாங்கிப் புகாரோடு இணைப்பது நல்லது.

இதே சட்டத்தில் ஒரு நல்ல வரியும் இருக்கிறது. உள்ளூர்க் குழுவில் நியமிக்கப்படுபவர்களில் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு அல்லது சிறுபான்மையைச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும். நிறுவனங்களின் உள்ளகக் குழுவுக்கு இந்த நிபந்தனை கிடையாது! பாதிப் பேர் பெண்கள், தலைவர் மூத்த பதவியில் இருக்கும் பெண், வெளியிலிருந்து ஒருவர், அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களின் மேல்மட்டத்தில் இருக்கும் பெண்கள் எந்தச் சமூகங்களிலிருந்து அதிகம் வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வெளி உறுப்பினரையாவது அந்த இடைவெளியை நிரப்பும்படி தேர்ந்தெடுக்கச் சொல்லி ஊழியர்கள் கேட்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

வர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட மகப்பேறு விடுப்பு போதும். 2017 திருத்தம் 12 வாரத்தை 26 வாரமாக்கியது, முழு ஊதியத்தோடு. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அந்த நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும். பெண்ணிய அமைப்புகள் இதை வெற்றியாகக் கொண்டாடியதில் தப்பில்லை. ஆனால் கட்டட வேலைக்கும் களை எடுக்கவும் போகும் பெண்ணுக்கு ஒன்றிய அரசுத் திட்டத்தில் முதல் குழந்தைக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013லேயே குறைந்தது 6,000 என்று எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் முத்துலெட்சுமி ரெட்டி திட்டம் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் அளவுக்குப் போகிறது, அது பெரிய ஆறுதல். அப்படியும் 26 வாரக் கூலிக்கு அருகில் வராது. இன்னொரு சிக்கலும் உண்டு: தொழிலாளர் காப்பீடு (ஈ.எஸ்.ஐ.) பொருந்தாத இடங்களில் 26 வாரச் செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுவதால், திருமணமான இளம்பெண்ணை எடுக்கவே தயங்கும் சிறு நிறுவனங்கள் உருவாகின்றன. காப்பீட்டிலிருந்தோ வரியிலிருந்தோ இந்தச் செலவைக் கொடுத்தால் இரண்டு பெண்களுக்கும் நல்லது. இந்தக் கோரிக்கை மகளிர் தின மேடைகளில் ஏனோ கேட்பதே இல்லை.

அமெரிக்காவிலும் கதை இப்படித்தான். 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலையையும் பண்ணை வேலையையும் விட்டுவிட்டது. வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் அப்போது அங்கேதான் இருந்தார்கள். வீட்டு வேலை உள்ளே வர 1974 ஆயிற்று.

வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்து எழுதிய ஒரு விதி எப்படி இருக்கும் என்று பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் போகலாம். 2021 ஜனவரியில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீது வழக்குப் பதிவானது. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றது. அதில் பாலினத்தோடு சாதி வன்முறையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. தையல் வரிசையில் 25 பேருக்கு ஒருவர் என்ற அளவில் சங்கம் தேர்ந்தெடுத்த தொழிலாளரே கண்காணிப்பாளராக நிற்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. உற்பத்தி இலக்கைச் சொல்லிக் கத்தும்போதே அது பதிவாகிவிடும். வன்முறையாக முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை மீறினால் ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்கள் ஆர்டரைக் குறைப்பது போன்ற வணிக விளைவை ஏற்படுத்த வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே பிடி போட்டதுதான் இதன் பலம்.

பண்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. வெளியிலிருந்து காப்பாற்ற வருபவர்கள், உள்ளே ஏற்கெனவே வாதாடிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்ப்பதில்லை. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், ஆண்கள் மட்டும் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன இடத்தில் பெண்களின் தலாக், ஜீவனாம்ச வழக்குகளைப் பெண்களே கேட்கும் இடமாக வளர்ந்தது. முத்தலாக்கை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் முஸ்லிம் பெண்கள் தொடுத்த வழக்கில்தான். 2019 சட்டம் அதற்கு மேல் போய் மூன்று ஆண்டு வரை சிறை வைத்தது. கணவன் சிறைக்குப் போனால் மாதாமாதம் ஜீவனாம்சம் யார் கொடுப்பார் என்று பல பெண்கள் அமைப்புகள் கேட்டன. என் பார்வையில் அது சரியான கேள்வி.

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் இயக்கம் சிதறாதா என்று கேட்பார்கள். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் 2023 அரசமைப்புத் திருத்தத்தைப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தனித்தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லை. இந்தக் கோரிக்கை 1996இல் முதல் மசோதா வந்த நாளிலிருந்தே இருக்கிறது. பிரித்துக் கேட்டதால்தான் மசோதா தாமதமாயிற்று என்று இன்றும் சொல்கிறார்கள். கேட்டவர்களுக்கு அன்றே பதில் சொல்லியிருந்தால் தாமதத்துக்கு அந்தக் காரணமே இருந்திருக்காது.

நீங்கள் ஓர் ஆய்வோ கணக்கெடுப்போ நடத்துபவராக இருந்தால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. நான்கு கட்ட அட்டவணை போடும்போது சில கட்டங்களில் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். விழுக்காடு தாறுமாறாகத் துள்ளும், யார் என்ன சொன்னார் என்பதும் வெளியே தெரிந்துவிடும். உடனே அந்தக் கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுவது வழக்கம், அங்கேதான் அந்தப் பெண்கள் மறுபடி காணாமல் போகிறார்கள். அதற்குப் பதில் இரண்டு மூன்று ஆண்டுத் தரவைச் சேருங்கள், அல்லது அந்தப் பிரிவினரை மட்டும் கூடுதலாகச் சந்தித்து நேர்காணல் எடுங்கள். நாட்கூலிக்குப் போகும் பெண்ணை வேலை நாளில் காலை 11 மணிக்கு அழைத்தால் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வரக்கூடியவர்களின் கருத்து மட்டுமே வந்து சேரும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று 2025இல் ஒன்றிய அரசு அறிவித்தது. படிப்பு, வேலை, வீடு பற்றிய ஒவ்வோர் அட்டவணையையும் சாதி, பாலினம் இரண்டாலும் குறுக்காகப் பிரித்து வெளியிடச் சொல்லி, அட்டவணைத் திட்டம் முடிவாகும் முன்பே பெண்கள் அமைப்புகள் எழுதிக் கொடுக்க வேண்டும்.